ஆர்எஃப்பி ஷீட்: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் நண்பன் ஒருவன் ஃபோன் பண்ணினான். அவன் கம்பெனிக்கு முதல் முறையாகப் பெரிய ஆர்எஃப்பி ஒன்று வந்திருக்கிறது, அதாவது ஒரு வாடிக்கையாளர் தன் தேவைகளையும் நிபந்தனைகளையும் எழுதி, புரொபோசல் கேட்கும் ஆவணம். "மச்சான், புரொபோசல் எழுத ஒரு எக்செல் ஷீட் வைத்திருப்பியே, அதை அனுப்பு, எப்படி இருக்குன்னும் சொல்லு" என்றான். அவன் கேட்டது எங்களுக்கு ஒரு டெண்டர் ரிசல்ட் வந்த மறுநாள். அந்தச் சூட்டோடுதான் இதை எழுதுகிறேன்.

ஷீட்டில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆர்எஃப்பியில் 'ஷல்', 'மஸ்ட்' என்று, அதாவது கட்டாயம் என்று வருகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வரி. பிரிவு எண், அவர்கள் எழுதிய அதே வாசகம், நம் பதில், ஆதாரம், அந்த ஆதாரம் புரொபோசலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற எண். அவ்வளவுதான்.

முதல் நான்கு கட்டங்களைப் பற்றி மனசாரச் சொல்வேன், இதுபோல உதவியது வேறு எதுவும் இல்லை. வாடிக்கையாளர் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார் என்பது ஆர்எஃப்பியின் முன்னுரையில் இருக்காது, வரி வரியாகப் பிரித்தால்தான் தெரியும். போன வருடம் ஒரு மருத்துவமனைக்கு எழுதும்போது பழைய நோயாளிப் பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றுவது பற்றி மட்டும் 11 வரி வந்தது, வெவ்வேறு பிரிவுகளில் சிதறிக் கிடந்தது. பழைய சாஃப்ட்வேரில் சூடுபட்டவர்கள் என்று புரிந்துபோனது. எங்கள் கம்பெனி பெருமையைப் பின்னால் தள்ளிவிட்டு, பதிவுகளை எப்படி மாற்றுவோம், ஒரு பதிவு விடுபட்டால் எப்படிக் கண்டுபிடிப்போம் என்பதை முதல் ஆறு பக்கத்தில் எழுதினோம். அதே ஷீட்தான் 14ஆம் பக்கத்தில் வாரண்டி 3 வருடம், 61ஆம் பக்கத்து மாதிரி ஒப்பந்தத்தில் 5 வருடம் என்று இருப்பதையும் காட்டிக்கொடுத்தது. புரொபோசல் கொடுப்பதற்கு முன் சந்தேகம் கேட்க நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் எழுத்தில் கேட்டோம், 3 என்று திருத்தம் வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் இரண்டு வருடப் பராமரிப்பு எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

இப்போது அந்த ஐந்தாவது கட்டம். பக்க எண்.

முதல் பக்கத்திலிருந்து கடைசி இணைப்பு வரை தொடர் எண் போட வேண்டும், ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே பக்க எண் குறிக்க வேண்டும் என்று பெரும்பாலான ஆர்எஃப்பியில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் இணைப்புகள் கடைசி நாள் வரை நம் கைக்கு முழுசாக வந்து சேராதே! இந்த முறை ஆடிட்டர் கொடுத்த விற்றுமுதல் சான்றிதழில் யூடிஐஎன் இல்லை, அதாவது ஆடிட்டர் ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியாக எடுத்துப் போட வேண்டிய அடையாள எண். 2019 பிப்ரவரியிலிருந்து அந்த எண் இல்லாத சான்றிதழ் செல்லாது, அதனால் திரும்ப வாங்கினோம். முதலில் ஒரு பக்கமாக இருந்தது, இப்போது மூன்று பக்கமாக வந்தது. 47ஆம் பக்கத்துக்குப் பிறகு எல்லாமே இரண்டு இரண்டாகத் தள்ளிப்போனது. ஷீட்டில் 118 வரி. ராத்திரி பத்தரை மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன், ஒரு வரி தப்பிவிட்டது. முன்பு செய்த வேலைக்கு ஆதாரமான ஒரு ஒர்க் ஆர்டர் 83ஆம் பக்கம் என்று போட்டிருந்தேன், அது இருந்தது 85இல்.

அந்த ஒர்க் ஆர்டருக்கு 5 மார்க். மதிப்பீட்டுக் குழு 'ஆதாரம் இல்லை' என்று போட்டு சைபர் கொடுத்துவிட்டது. தொழில்நுட்ப மார்க்கில் 70 சதவீதம், விலை மார்க்கில் 30 சதவீதம் எடுத்துக் கூட்டுகிற கணக்கு. தொழில்நுட்பத்தில் எங்களுக்கு 88, ஜெயித்த கம்பெனிக்கு 80. விலை நாங்கள் 20 லட்சம், அவர்கள் 16 லட்சம், குறைந்த விலைக்கு 100 என்பதால் விலையில் அவர்களுக்கு 100, எங்களுக்கு 80. கூட்டினால் நாங்கள் 85.6, அவர்கள் 86. அந்த 5 மார்க் இருந்திருந்தால் 89.1.

குழுவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்பது கம்பெனி, ஆளுக்கு நூற்றைம்பது பக்கம், யார்தான் இரண்டு பக்கம் தள்ளித் தேடிப் பார்ப்பார்கள்? ஆனாலும் நான்கு மாத வேலை ஒரு எண்ணில் போனது வலிக்கிறது. இந்த ஷீட்டுக்கு இன்று 5க்கு 2தான் கொடுப்பேன், அடுத்த டெண்டரை இதை வைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். அவன் பிரதியில் பக்க எண் கட்டத்தை மட்டும் முழுக்க மஞ்சள் அடித்திருக்கிறேன். டேய், எல்லா இணைப்பும் சேர்ந்து ஒரே பிடிஎஃப் ஆகிற வரை அதில் ஒரு எண்கூடப் போடாதே. அதன் பிறகு ஒருத்தர் எண்ணை வாசிக்கட்டும், இன்னொருத்தர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும், அதற்காகவே கடைசி நாளில் மூன்று மணி நேரம் ஒதுக்கி வை.