ஜீவனாம்சம் மாதாமாதமா, மொத்தமாகவா? வரிக் கணக்கு வேறு மாதிரி

விவாகரத்துப் பேச்சுவார்த்தையில் எல்லோருடைய கவனமும் தொகை எவ்வளவு என்பதில்தான் இருக்கும். அது எந்த வடிவில் கைக்கு வருகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என் தோழியும் கேட்கவில்லை. மாதம் 30,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவளுடைய வக்கீலும் வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் ஒரு லட்சத்துக்கு மேல் வரி பாக்கி இருப்பது தெரிந்தது.

அவள் சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம். புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போனால் 11.25 லட்சம். 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஜீவனாம்சம் 3.6 லட்சத்தைச் சேர்த்தால் 14.85 லட்சம். தள்ளுபடி முழுக்கப் போய்விடும். செஸ்ஸோடு சேர்த்து வரி 1,06,860 ரூபாய். அதாவது மாதம் 30,000 என்று எழுதப்பட்ட பணத்தில் அவளிடம் உண்மையில் நிற்பது சுமார் 21,000தான்.

இந்தியாவின் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கென்று தனிப் பிரிவே கிடையாது. எல்லாம் தீர்ப்புகளை வைத்துத்தான் நடக்கிறது. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் 1983-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை அடிப்படை. மாதாமாதம் வருவது வருமானம், அதற்கு வரி உண்டு. மொத்தமாக வருவது மூலதன வரவு, அதற்கு வரி இல்லை.

கொடுப்பவருக்குக் கழிவு கிடைக்குமா என்றால், அதுவும் கிடையாது. நீதிமன்ற உத்தரவுப்படி மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் அது தன் வருமானத்தைச் செலவழிப்பதுதான் என்று 1960-லேயே சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கணவர் வரி கட்டிய பிறகு மிஞ்சிய பணத்திலிருந்து கொடுக்கிறார். வாங்குகிறவளும் அதே பணத்துக்கு மறுபடி வரி கட்டுகிறாள். எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. சேர்ந்து வாழும்போது கணவர் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு மனைவி ஒரு பைசா வரி கட்டுவதில்லையே.

எனவே நல்ல சம்பளத்தில் இருக்கும் பெண்ணுக்கு என் ஓட்டு மொத்தத் தொகைக்குத்தான். எதிர்த்தரப்பு ஒரு தொகையைச் சொன்னால் அதை 30,000 மாத வரவோடு ஒப்பிடக் கூடாது, 21,000-த்தோடு ஒப்பிட வேண்டும். அப்புறம், அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டால் வட்டிக்கு வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மொத்தத் தொகையை இரண்டு மூன்று தவணையாகத் தருகிறார்கள் என்றால், அது இறுதித் தீர்வுத் தொகையின் தவணைதான் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். வாசகம் மழுப்பலாக இருந்தால் பின்னால் வரி அதிகாரியோடு வாதாட வேண்டியிருக்கும்.

வேறு வருமானம் இல்லாத பெண்ணுக்குக் கணக்கு தலைகீழ். மாதம் 50,000 வந்தாலும் ஆண்டுக்கு 6 லட்சம்தான். மாதம் ஒரு லட்சம் வந்தாலும் 12 லட்சத்தைத் தாண்டாது, வரி இல்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் கட்டாயம் போட வேண்டும். “மொத்தமாக வாங்கிக்கொண்டால் வரி மிச்சம்” என்று சொல்லி அவளைக் குறைந்த தொகைக்கு இறங்க வைத்தால், தயவுசெய்து இறங்க வேண்டாம். 40 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 23,000 சொச்சம்தான் வரும். இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, நிலைமை மாறினால் மாதத் தொகையைக் கூட்டித் தரச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கவும் வழி இருக்கிறது. அதே பிரிவு, அவள் மறுமணம் செய்துகொண்டால் அதை நிறுத்தக் கேட்கும் உரிமையை எதிர்த்தரப்புக்குத் தருகிறது. இதற்கெல்லாம் மேலாக, அந்த மனிதர் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுப்பாரா என்ற கேள்வி இருக்கிறது. கொடுக்க மாட்டார் என்று மனசுக்குத் தெரிந்தால், வரி என்ன சொன்னாலும் மொத்தமாக வாங்கிவிடுவதே நல்லது.

பணத்துக்குப் பதில் வீடு தருகிறேன் என்பார்கள். இதில் எந்தத் தேதியில் எழுதுகிறோம் என்பது முக்கியம். சாதாரணமாகக் கணவர் மனைவி பெயருக்கு மாற்றிய சொத்தின் வருமானம் கணவர் கணக்கிலேயே சேரும். பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின் பேரில் மாற்றினால் சேராது. பரிசாக வரும் சொத்துக்கு வரி உண்டா என்று பார்க்கும்போது, வரிச் சட்டத்தின் கண்ணில் மனைவி உறவினர், முன்னாள் மனைவி உறவினர் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். குடும்பத்துக்கு வெளியே என்றால் 7 சதவீதம். ஆகவே தீர்ப்பு வருவதற்கு முன்பே பத்திரப் பதிவை முடித்துவிடுவது உத்தமம். பின்னால் அந்த வீட்டை விற்றால், கணவர் அன்று வாங்கிய விலையிலிருந்தே லாபம் கணக்கிடப்படும். பழைய வீடென்றால் அந்த வரியையும் இப்போதே கணக்கில் வைத்துப் பேச வேண்டும்.

ஏப்ரல் 1, 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்தபின் பிரிவு எண்கள் மாறினாலும் ஜீவனாம்சச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. என் தோழி இப்போது ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு 15-ம் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு அட்வான்ஸ் டாக்ஸ் (முன்கூட்டியே தவணையாகக் கட்டும் வரி) கட்டுகிறாள். மகன் அவளிடம் வளர்வதால் அவன் பெயரில் இருக்கும் டெபாசிட்டின் வட்டியும் அவள் கணக்கில்தான் சேர்கிறது. மீதித் தொகையை ஒரே தவணையில் முடித்துக்கொள்ளலாமா என்று எதிர்த்தரப்பிடம் கேட்டு வக்கீல் மூலம் போன வாரம் கடிதம் அனுப்பியிருக்கிறாள்.