ஜென் பிவி கெஸ்ட்டுக்கு பைகிரப்பா, பிவிகிரப்பா?

எங்க பழைய ஜென் (Xen, ஒரே மெஷின்ல பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேர்) சர்வர்ல இருக்குற பிவி கெஸ்ட் (ஜென் மேல ஓடுறதுக்குன்னே கர்னல மாத்தின விர்ச்சுவல் மெஷின்) எல்லாத்தையும் பைகிரப்ல இருந்து பிவிகிரப்2-க்கு மாத்தியாச்சு, ரெண்டுமே கெஸ்ட்ட பூட் பண்ற வழி தான். நல்லா ஓடுறத எதுக்குய்யா நோண்டுறன்னு கேட்டாங்க, அதான் இத எழுதுறேன். என் சாய்வு பிவிகிரப் பக்கம், அத முதல்லயே சொல்லிடுறேன்.

பிவி கெஸ்ட்டுக்கு பயாஸ் கிடையாது, எம்பிஆர (டிஸ்க்கோட முதல் செக்டார்) படிச்சு பூட் பண்ண ஆள் இல்ல, அதனால கர்னல வேற யாராவது எடுத்துக் குடுக்கணும். கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட் ஆகும்போது கர்னலோட சேர்ந்து ஏறுற சின்ன ஃபைல் சிஸ்டம்) டாம்0-லயே (மத்த கெஸ்ட் எல்லாத்தையும் நிர்வகிக்குற தலைமை டொமைன்) காப்பி பண்ணி வச்சு கான்ஃபிக்ல பாத் குடுக்குறது ஒரு வழி. கெஸ்ட்டுக்குள்ள அப்கிரேட் பண்ணா டிஸ்க்ல புது கர்னல் இருக்கும், பூட் ஆகுறது பழசா இருக்கும். ஒரே ஒரு கெஸ்ட் வச்சிருக்கவங்களுக்கு ஓகே, மத்தவங்க விட்டுடுங்க.

பைகிரப் ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட், ஓடுறது டாம்0-ல. கெஸ்ட்டோட டிஸ்க்க திறந்து கிரப் (லினக்ஸ்ல வழக்கமான பூட்லோடர்) கான்ஃபிக்க படிச்சு, கர்னல உருவி டெம்ப் ஃபைலா போட்டு டொமைன் பில்டர் (ஜென்ல கெஸ்ட்ட உருவாக்குற பகுதி, டொமைன்னா கெஸ்ட் தான்) கையில குடுத்துடும். கன்சோல்ல மெனு வரும், ஆனா அது நிஜ கிரப் இல்ல, வேஷம். கான்ஃபிக்ல இருக்குற இஃப்-எல்ஸ் எதையும் அது ஓட்டாது, வரி வரியா மேய்ஞ்சு மெனுஎன்ட்ரிய மட்டும் பொறுக்கிக்கும். டீஃபால்ட்ல சேவ்டு என்ட்ரின்னு இருந்தா அத பூஜ்யம்னு எடுத்துக்கும், அதாவது முதல் என்ட்ரி, வழக்கமா அது புது கர்னல். நீங்க கெஸ்ட்டுக்குள்ள உக்காந்து கிரப்-செட்-டீஃபால்ட் அடிச்சு பழைய கர்னல செலக்ட் பண்ணிட்டு ரீபூட் குடுத்தா அது பாட்டுக்கு புதுசையே ஏத்திட்டு வந்து நிக்கும், எரர் மெசேஜ் கூட இருக்காது.

பிவிகிரப்ல கிரப்பே கெஸ்ட்டுக்குள்ள தான் ஓடுது. கான்ஃபிக்ல கர்னல்னு போடுற எடத்துல கிரப் பைனரிய குடுக்குறோம், அது டொமைனுக்குள்ள எந்திரிச்சு, கெஸ்ட்டோட சொந்த டிஸ்க்க ப்ளாக் ஃப்ரண்டெண்ட் (ஜென் கெஸ்ட்டோட டிஸ்க் டிரைவர்) வழியா படிச்சு, நிஜ கர்னல ஏத்தி தான் இருந்த எடத்த அதுக்கு விட்டுக்குடுத்துடும். முதல்ல வந்தது பழைய கிரப் 0.97-அ மினி-ஓஎஸ் (ஜென்னோட வர்ற குட்டி ஓஎஸ்) மேல ஒட்டவச்ச வெர்ஷன். அமேசானோட வாடகை சர்வர் சேவை ஈசி2 2010-ல சொந்த கர்னல் போட்டுக்க விட்டது இத வச்சு தான், ஹெச்டி0, ஹெச்டி00-ன்னு ரெண்டு வகை ஏகேஐ (அமேசான் கர்னல் இமேஜ்) இருந்தது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017-ல வந்த கிரப் 2.02-ல ஜென் சப்போர்ட் நேரா உள்ளயே வந்துடுச்சு, டெபியன்ல கிரப்-ஜென்-ஹோஸ்ட் பேக்கேஜ் போட்டா பைனரி ரெடியா கிடைக்கும்.

மெனு, வசதி இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் மாத்துனதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு. கெஸ்ட்டோட ஃபைல் சிஸ்டத்த யார் பார்ஸ் பண்றாங்க? பைகிரப்ல அத பண்றது டாம்0, சாதாரணமா ரூட்டா. உள்ள இருக்குறது லிப்எஃப்எஸ்இமேஜ்னு ஒரு லைப்ரரி, அதுல பெரும்பாலும் பழைய கிரப் காலத்து சி கோட். கெஸ்ட்ல ரூட் வச்சிருக்கவன் தன் டிஸ்க்ல என்ன வேணா எழுதலாம், வேணும்னே கோணலா ஒரு எக்ஸ்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்) சூப்பர்ப்ளாக்க, அதாவது அதோட தலைப்பு பகுதிய, எழுதி வச்சுட்டு ரீபூட் பண்ணா போதும், அத டாம்0 ரூட் திறந்து படிக்கும். இது சும்மா பயமுறுத்துறது இல்ல, 2023 அக்டோபர்ல வந்த எக்ஸ்எஸ்ஏ-443 (ஜென் பாதுகாப்பு அறிவிப்பு) இதே கதை தான், எக்ஸ்எஃப்எஸ் படிக்குற எடத்துல ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. அதோட பைகிரப்ப குறைஞ்ச உரிமைல ஓட வைக்குற வழியும் குடுத்தாங்க, நல்லது தான், ஆனா அடுத்தவன் டிஸ்க்க என் டாம்0 எதுக்கு மோந்து பாக்கணும்? பிவிகிரப்ல அதே கோணல் டிஸ்க் வந்தா கிரப் செத்துப்போகும், அவன் கெஸ்ட் பூட் ஆகாது, அவ்வளவு தான், பக்கத்து கெஸ்ட்டுக்கு தெரியக்கூட தெரியாது. எல்லா கெஸ்ட்டும் உங்க கைலயே இருந்தா இந்த காரணம் பாதியா குறைஞ்சிடும், அத ஒத்துக்கிறேன்.

பைகிரப் ஜெயிக்குற எடமும் இருக்கு. டொமைன் உருவாக்குறதுக்கு முன்னாடியே அது கர்னல பாத்துடுறதால 32 பிட்டா 64 பிட்டான்னு அதுவே தெரிஞ்சுக்கும். பிவிகிரப்ல டொமைன் எந்த பிட்ல எந்திரிச்சதோ அதுலயே தான் இருக்கணும், கெஸ்ட்டுக்கு ஏத்த பைனரிய நீங்க தான் பாத்து குடுக்கணும். லினக்ஸ் 5.9-ல 32 பிட் பிவிய தூக்கிட்டதால இப்ப இது பெரிய தலைவலி இல்ல.

நிஜ தலைவலி கர்னல் கம்ப்ரெஷன். பைகிரப் வழில கர்னல விரிக்கிறது டாம்0-ல இருக்குற டொமைன் பில்டர், அதுல இஸட்ஸ்டாண்டர்டு கம்ப்ரெஷன் கூட ஜென் 4.15-ல வந்துடுச்சு. பிவிகிரப்ல விரிக்க வேண்டியது கிரப், அதுக்கு ஜிஜிப், எக்ஸ்இஸட் தெரியும், எல்இஸட்4 தெரியாது. உபுண்டு 19.10-ல எல்இஸட்4-க்கு மாறினதுல இருந்து அந்த கர்னல குடுத்தா 'இது ஜென் இமேஜே இல்ல'ன்னு எரர் அடிச்சு நிக்கும். கர்னல் சோர்ஸ்லயே எக்ஸ்ட்ராக்ட்-விஎம்லினக்ஸ்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கு, அத கர்னல் இன்ஸ்டால் ஆனதும் ஓடுற ஹுக்ல மாட்டி, இனிட்ராம்எஃப்எஸ் கட்டுறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ விரிச்ச ஃபைல அதே பேர்ல வச்சுட்டா சரி. ஒரு தடவ பண்ற வேலை.

ஃபைல் சிஸ்டம் பக்கம் ஒரு எச்சரிக்கை, 2023-ல வந்த ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் (எக்ஸ்ட் வகை பார்டிஷன உருவாக்குற டூல்கள்) 1.47-ல எக்ஸ்ட்4-க்கு மெட்டாடேட்டா செக்சம் சீட்னு ஒரு வசதி டீஃபால்ட்டா ஆன், பழைய கிரப் அந்த பார்டிஷன தொடவே தொடாது. நான் பூட்டுக்கு மட்டும் சின்னதா ஒரு எக்ஸ்ட்2 பார்டிஷன் பிரிச்சு வச்சுடுறேன்.

பிவிஹெச்சுக்கு (சிபியுவோட விர்ச்சுவலைசேஷன் வசதிய பயன்படுத்துற புது வகை கெஸ்ட்) போயிட வேண்டியது தானேன்னு கேப்பீங்க. கிரப் 2.04-ல அதுக்கும் தனி பைனரி உண்டு, கான்ஃபிக்ல டைப் பிவிஹெச்னு ஒரு வரியும் கர்னல் பாத்தும் மாத்தினா போதும், ஜென் மேல ஓடுற கியூப்ஸ் ஓஎஸ்லயும் கெஸ்ட்டோட சொந்த கர்னல பூட் பண்ண இந்த வகை தான். டெஸ்ட் கெஸ்ட்ல நல்லா வந்துச்சு, ஆனா லோடு குடுத்து ஓட்டுன அனுபவம் எனக்கு கம்மி, அதனால இப்போதைக்கு புது கெஸ்ட்டுக்கு மட்டும் அது, பழசெல்லாம் பிவிகிரப்லயே ஓடுது.