டயர் ஷைன் நாள்பட நிற்க: ஈசூனில் மூன்று ஆண்டு அனுபவம்

2022 ஆயுத பூஜைக்கு முதல் நாள் இரவு காரைக் கழுவித் துடைத்து, நான்கு டயருக்கும் ஷைன், அதாவது டயரைக் கறுப்பாகப் பளபளக்க வைக்கும் பூச்சு, அடித்துவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் பூஜை முடிந்து, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே வந்தபோது டயர் கன்னங்கரேலென்று இருந்தது. பார்க்கவே அவ்வளவு நிறைவு. அன்று மாலை இடிமழை கொட்டியது. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், டயரின் சைடுவாலில் (பக்கச்சுவரில்) தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புத் திட்டுகள். பின்கதவுக்குக் கீழே, வெள்ளைப் பெயிண்டின் மேல் எண்ணெய்ப் புள்ளிகள் வரிசையாகத் தெறித்திருந்தன.

வாங்கிய பாட்டில்தான் சரியில்லை என்று அப்போது நினைத்தேன். அடுத்த ஒரு வருடத்தில் நான்கு விதமான பாட்டில்கள் வாங்கினேன். 12 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 40 வெள்ளிவரை. விலை கூடக்கூட ஓரிரு நாள் கூடுதலாக நின்றதே தவிர, பழுப்பு வருவது நிற்கவில்லை. எந்தத் தேதியில் பூசினேன், எப்போது மழை பெய்தது, எப்போது நிறம் போனது என்று கைப்பேசியில் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகுதான் தவறு பாட்டிலில் இல்லை, பூசுவதற்கு முன்னால் நான் செய்த வேலையில் இருக்கிறது என்பது புரிந்தது. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் பயன்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதான செடான். ஈசூனிலிருந்து தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸுக்கு வாரம் ஐந்து நாள், ஒரு வழிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் விரைவுச்சாலை. துவாஸில் லாரிகளோடு லாரியாகப் போக வேண்டும். மணலும் சிமெண்டுத் தூசியும் குறைவில்லை. பகலில் திறந்தவெளியில் வெயிலில் நிற்கும், இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடி கார்நிறுத்தத்தில். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீண்டகாலச் சராசரிப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்கு 171 நாள் மழை, 2,100 மில்லிமீட்டருக்கு மேல். வறண்ட ஊரில் இருப்பவர்கள் “எனக்கு ஆறு வாரம் நின்றது” என்று சொல்வதை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

முதலில் அந்தப் பழுப்பைப் பற்றி. நிறைய பேர் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ரப்பர் காற்றிலுள்ள ஓசோனால் வெடிக்காமல் இருக்க, தயாரிக்கும்போதே அதில் ஒரு காப்பு வேதிப்பொருள் கலக்கிறார்கள். பரவலாகப் பயன்படுவதன் பெயர் 6பிபிடி. டயர் உருளும்போது வளைந்து நெளிவதால் அந்தப் பொருள் உள்ளேயிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ஓசோனோடு சேர்ந்து பழுப்பாகிறது. அதாவது டயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையின் அடையாளம் அது. அதைக் கழுவி எடுக்காமல் மேலேயே ஷைன் அடித்தால், ஷைன் ரப்பரைத் தொடுவதே இல்லை. பழுப்புப் பொடியையும் பழைய ஷைனின் மிச்சத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் பெருமழையில் அது எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இதை எனக்குக் கண்ணால் காட்டியது, வண்டி பராமரிக்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக் கார் கழுவுமிடத்தில் நான் டயரை ஒரு தடவை தேய்த்துவிட்டு பாட்டிலைத் திறக்கப் போனேன். தம்பி குனிந்து பார்த்தார். “அண்ணே, நுரை இன்னும் காபி கலர்லதான் வருது. இப்பப் பூசாதீங்க.” என் கையிலிருந்த பிரஷை வாங்கி, கிளீனரை மறுபடி தெளித்து, வட்டமாகவும் பிறகு குறுக்காகவும் தேய்த்தார். பால் கலந்த காபி மாதிரி நுரை வழிந்தது. கழுவினார். மறுபடி தெளித்தார். இரண்டாம் முறை தேநீர் நிறம். மூன்றாம் முறை இளமஞ்சள். நான்காம் முறைதான் நுரை வெள்ளையாக நின்றது. கழுவிக் காய்ந்த பிறகு விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். வழுக்கல் துளியும் இல்லை. கரும்பலகையைத் தொட்டது போல் சொரசொரவென்று, விரலைப் பிடித்து இழுத்தது. நிறம்கூட கறுப்பு இல்லை, மங்கிய சாம்பல். “இதாண்ணே ரப்பர்,” என்றார். அதுவரை நான் ரப்பரைத் தொட்டதே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

எனவே நேரத்தில் முக்கால் பங்கு இதற்கே போகட்டும். சாதாரண கார் ஷாம்பு போதாது. மெழுகு கலந்த ஷாம்பு என்றால் கெடுதல், அதுவே ஒரு படலத்தை விட்டுவிடும். டயருக்கென்றே விற்கும் கிளீனர், அல்லது எல்லாவற்றுக்கும் பயன்படும் வீரியமான கிளீனரைப் பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்தது சரிப்படும். கிளீனர் காய்ந்துபோக விடக் கூடாது. பிரஷ் நடுத்தர விறைப்பு போதும். கம்பிப் பிரஷ் வேண்டவே வேண்டாம், ரப்பரைக் கீறிவிடும். எழுத்துகள் பொறித்த பள்ளங்களிலும், ரிம்மோடு சேரும் ஓரத்திலும்தான் பழைய ஷைன் ஒளிந்திருக்கும். பழைய பல் பிரஷ் அங்கே கைகொடுக்கும். முதல் தடவைதான் நான்கு சுற்று. அதன் பிறகு ஒன்றிரண்டு சுற்றிலேயே வெள்ளை நுரை வந்துவிடுகிறது.

இந்த வேலையைக் கழுவுமிடத்திலேயே செய்யுங்கள். கார்நிறுத்தத்தின் ஓரத்தில் வாளியோடு உட்கார்ந்து கழுவினால் அந்தப் பழுப்புத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்குப் போகும். நம் ஊரில் கால்வாய்த் தண்ணீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. அதே 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உருவாகும் பொருள் அமெரிக்க ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்ததிலிருந்து இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது ஈரம். இங்கே பலரும் கோட்டை விடுவது இதில்தான் என்பது என் எண்ணம். டயரைத் துணியால் துடைத்தால் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் எழுத்துப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். நம் காற்றிலும் ஈரப்பதம் அதிகம். அந்த நிலையில் தண்ணீர் அடிப்படையிலான ஷைனைப் பூசினால் பால் போலத் திரிந்து, காய்ந்ததும் திட்டுத் திட்டாக நிற்கும். நான் செய்வது இது: கழுவித் துடைத்ததும் வண்டியை எடுத்து அக்கம்பக்கத்தில் பத்து நிமிடம் ஒரு சுற்று வருவேன். ஓடும் காற்றிலும் டயரின் சூட்டிலும் பள்ளத்து ஈரம் போய்விடும். பிறகு கார்நிறுத்தத்தின் மேல் மாடியில், கூரைக்குக் கீழே நிறுத்தி, டயர் ஆற அரை மணி நேரம் விடுவேன். ஓடி வந்ததில் படிந்த தூசியை உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான்.

பூசுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்பாஞ்சில் ஐம்பது காசு நாணயம் அளவு எடுத்தால் ஒரு டயருக்குப் போதும். பளபளப்பு வருகிறதா என்று பார்க்காமல், எல்லா இடத்திலும் சீராகப் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். 20 நிமிடம் கழித்துப் பழைய துவாலையால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். “பூசியதைத் துடைப்பதா?” என்று எனக்கும் முதலில் மனம் வரவில்லை. ஆனால் ரப்பர் பிடிக்க வேண்டியதைப் பிடித்த பிறகு மேலே மிஞ்சி நிற்பதுதான் பெயிண்டில் தெறிக்கிறது, தூசியை இழுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு, இன்னும் மெல்லியதாக. மறுபடி துடைப்பு. பிறகு காலைவரை வண்டியை எடுப்பதில்லை. அதனால் சனிக்கிழமை மாலைதான் எனக்கு வசதி. சாலையைத் தொடும் பட்டைப் பகுதியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பூசாதீர்கள். வழுக்கும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் இன்னும் ஆபத்து, அதனால் நான் தெளிப்பான் வகையை நேராக டயரில் அடிப்பதை விட்டுவிட்டேன்.

பலன் என்ன? பழைய முறையில், ஒரே தடவை தடிமனாகப் பூசியபோது, சராசரியாக நான்கு நாள். அதே பாட்டிலை, ஆம், அந்த 12 வெள்ளி பாட்டிலையே, புது முறையில் பூசியபோது மழை குறைந்த பிப்ரவரியில் மூன்று வாரம் நின்றது. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் 10 முதல் 12 நாள். தெறிப்பு அறவே இல்லை. பளபளப்பு முதல் வாரத்தோடு குறைந்துவிடும், அதன் பிறகு புது டயரின் அடக்கமான கறுப்பு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஈரம் மினுங்குவது போன்ற பளபளப்பு வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறை திருப்தி தராது.

எந்த வகை வாங்குவது? கரைப்பானில் சிலிகோன் கலந்த வகை மழையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது, ஆனால் பிசுபிசுப்பு அதிகம். தண்ணீர் அடிப்படை வகை கையில் ஒட்டாது, டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கும் உதவும், மழையில் சற்று முன்னதாகப் போகும். நான் இப்போது மழைக்காலத்தில் முதல் வகை, மற்ற மாதங்களில் இரண்டாம் வகை.

2024-இல் டயர் கோட்டிங்கையும் முயன்றேன். ஷைன் போலக் கழுவக் கழுவப் போகாமல், காய்ந்து இறுகிப் படலமாக நிற்கும் வகை. ஒரு செட்டுக்கு ஷைனைவிட மூன்று மடங்கு செலவு. மூன்று டயர்களில் கிட்டத்தட்ட ஐந்து மாதம் நின்றது. கழுவினால் போதும், கறுப்பு திரும்பிவிடும். நான்காவது, முன் இடது டயர், ஆறாவது வாரத்திலேயே வெயிலில் உரிந்த தோல் மாதிரி திட்டுத் திட்டாகக் கழன்றது. அந்த டயரைக் கடைசியாகக் கழுவினேன். இருட்டிக்கொண்டு வந்ததால் நுரை இளமஞ்சளாக இருக்கும்போதே நிறுத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஷைன் என்றால் இந்த அவசரத்தை ஓரளவு மன்னிக்கும், கோட்டிங் மன்னிக்காது. உரிந்ததை முழுதாக எடுக்க இரண்டு ஞாயிறு ஆனது.

புது டயர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தொழிற்சாலையில் பூசும் வழுக்குப் பொருள் புது டயரின் மேல் இருக்கும். அதன் மேல் எதுவும் சரியாக ஒட்டாது. நான் மாற்றியபோது முதல் மாதம் எதுவும் பூசாமல், வாராவாரம் கிளீனர் போட்டுத் தேய்த்தேன், அப்புறம்தான் பூசினேன். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போகும்போது அங்கேயே கழுவக் கொடுப்பவர்கள், “டயருக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு முறை சொல்ல மறந்து, மூன்று வார உழைப்பின் மேல் எண்ணெய் மாதிரி எதையோ அடித்துவிட்டார்கள். மறுபடி காபி நுரையிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஊரில் என் மாமா லாரி டயரை டீசல் துணியால் துடைப்பார். கறுப்பு வரும், உண்மைதான். ஆனால் டீசலும் பழைய எஞ்சின் எண்ணெயும் ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும். உயிரைச் சுமக்கும் பொருளில் அந்தச் சோதனை வேண்டாம்.

டயரோடு இவ்வளவு நேரம் உட்காருவதில் எனக்குக் கிடைத்த இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். போன மார்ச்சில் பின் வலது டயரைத் தேய்க்கும்போது சைடுவாலில் ஒரு சிறு வீக்கம் விரலில் தட்டியது. எங்கேயோ நடைபாதை விளிம்பில் இடித்திருக்கிறது. ஷைன் மட்டும் அடித்துவிட்டு எழுந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. மறுநாளே மாற்றினேன்.

இப்போது முன் இடது டயரிலும் கோட்டிங் இல்லை, மற்ற மூன்றிலும் மெல்லத் தேய்ந்துவிட்டது. நான்கிலும் பழைய ஷைன்தான், இரண்டு மெல்லிய பூச்சு. கடைசியாகப் பூசி இன்றோடு 11 நாள், நடுவில் ஐந்து மழை. இன்று காலை பார்த்தேன். முன் டயர்களில் ரிம் ஓரமாக லேசாகப் பழுப்பு தலைகாட்டுகிறது, பின் டயர்கள் இன்னும் கறுப்பு. சனிக்கிழமை மழை விட்டால் முன்னிரண்டுக்கும் மட்டும் கிளீனர் போட வேண்டும்.