அக்கவுண்டில் இருபதாயிரம், கையில் ஒன்பதாயிரம்: பாலக்காடு பக்கம் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டுமே என்று பாலக்காடு மாவட்டத்தில் முதல் வேலை தேடுகிறார்கள். நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் லேபர் ஆபீசில் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் செய்யும் வித்தை தெரிந்தால் போதும்.

கேரளாவில் நர்சுகள் 2017இல் போராடியதன் பலனாக 2018 ஏப்ரலில் அரசு அறிவிக்கை வந்தது. தனியார் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்சுக்கு அடிப்படைச் சம்பளமே 20,000 ரூபாய் என்று அது சொன்னது. அதற்கு முன்பே, 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகூட இல்லாத ஆஸ்பத்திரியிலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று சொல்லியிருந்தது. ஆனால் அது வெறும் பரிந்துரை. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பன்னிரண்டு, பதிமூன்று என்று பேசிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் இருபது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இன்டர்வியூவில் மேனேஜர் தேனாகப் பேசினார். "மோளே, தமிழ்நாடு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனை வைத்து இங்கே ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. கேரளா ரெஜிஸ்ட்ரேஷன் வருகிற வரைக்கும் ட்ரெய்னி, ஏழாயிரம். அப்புறம் கவர்மென்ட் சொன்ன இருபது." பதிவு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். தமிழ்நாடு கவுன்சிலில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கேரள நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிந்தாக வேண்டும். ஆனால் அந்த ட்ரெய்னியைத்தான் நைட் டியூட்டியில் முழு வார்டுக்கும் ஒற்றை ஆளாகப் போட்டார்கள். சம்பளத்துக்கு மட்டும்தான் ட்ரெய்னி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை எல்லா ஒரிஜினலையும் 'வெரிஃபிகேஷன்' என்று வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். ஸ்டாம்பு பேப்பரில் ரெண்டு வருஷ பாண்டு, நடுவில் போனால் ஒரு லட்சம். காப்பி கேட்டதற்கு, "ஆபீசில் பத்திரமாக இருக்கும்" என்றார்கள்.

கேரளா ரெஜிஸ்ட்ரேஷன் வந்ததும் சம்பளம் உண்மையிலேயே இருபதாயிரம் ஆனது. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 150 போக அக்கவுண்டில் 18,050 ஏறியது. அம்மாவிடம் போன் செய்து சொல்லி முடிப்பதற்குள் அக்கவுண்ட்ஸ் சேச்சி கூப்பிட்டு விட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஏடிஎம். ஒன்பதாயிரத்தை எடுத்துவந்து அவரிடம் கொடுக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்த் தாள் பதினெட்டையும் ஸ்பாஞ்சில் விரலை நனைத்து எண்ணுவார், ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார். அந்தப் பக்கத்தின் தலைப்பு 'முன்பணம் திரும்பச் செலுத்தியது'. நான் வாங்காத முன்பணம்! கேட்டால், "எல்லாரும் கொடுக்கிறார்கள், நீ மட்டும் என்ன?" அதுவும் உண்மைதான், எனக்குப் பின்னால் வரிசையே நின்றது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் பேங்க் கணக்கு பளிச்சென்று இருக்கும்.

ரெண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கல்ஃப் போய்விடலாம் என்று இன்சார்ஜ் சிஸ்டர்கூடச் சொல்வார். அந்த எதிர்பார்ப்பில்தான் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் வளைகுடா வேலைக்கு டேட்டாஃப்ளோ வெரிஃபிகேஷன் உண்டு. நாம் கொடுக்கும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் உண்மையா என்று நேராக ஆஸ்பத்திரியையே கேட்பார்கள். நம் குடுமி எப்போதும் இவர்கள் கையில்தான். பாண்டு முடிவதற்கு முன்பே நான் ராஜினாமா கொடுத்தேன். அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தில் முதலிலிருந்து கடைசி வரை 'ட்ரெய்னி'. ஒரிஜினலுக்கு ஒரு லட்சம் கட்டு என்றார்கள்.

நர்சுகள் சங்கத்தில் இருந்த ஒரு சேச்சி சொல்லித்தான் மாவட்ட லேபர் ஆபீசில் மனு கொடுத்தேன். பேங்க் ஸ்டேட்மென்டும் பி.எஃப். பாஸ்புக்கும் கையில் இருந்தன. சம்பளம் ஏறிய அன்றே, அதே ஏடிஎம்மில், மாதாமாதம் அதே ஒன்பதாயிரம். "முன்பணம் கொடுத்ததற்கு வவுச்சர் எங்கே?" என்று ஆபீசர் கேட்டதும் மேனேஜருக்குப் பேச்சு வரவில்லை. ட்ரெய்னி என்றால் ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம் காட்டி பி.எஃப். கட்டியது எப்படி என்ற கேள்விக்கும் பதில் இல்லை. ஒரிஜினல்கள் திரும்பி வந்துவிட்டன. பணமும் சரியான எக்ஸ்பீரியன்ஸ் கடிதமும் இன்னும் இழுபறியில்.

குறைந்த சம்பளத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கல்விக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது சும்மா வீட்டில் உட்கார முடியாது. தமிழ்நாட்டுப் பக்கம் பதிமூன்றாயிரம்தான் என்றாலும், ஆர்டரில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று எழுதி, ஐ.சி.யூ.வில் போட்டு, பி.எஃப். கட்டி, ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிற இடம் என்றால் நான் போவேன். இருபதாயிரம் என்று சொல்லிவிட்டு ஆர்டர் அப்புறம் தருகிறோம் என்கிற இடத்துக்குப் போக மாட்டேன். அங்கே வேலை பார்க்கும் பெண்களைக் கேன்டீனில் பிடித்து, "சம்பளம் ஏறின அன்னைக்கு யாராவது கூப்பிடுவாங்களா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், முகமே சொல்லிவிடும்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருப்பவர்கள், திருப்பிக் கொடுக்கும் பணத்தை மறக்காமல் ஏடிஎம்மிலேயே எடுங்கள், கையிருப்பில் இருந்து கொடுக்காதீர்கள். டியூட்டி லிஸ்டை மாதாமாதம் போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பரை வைத்து பி.எஃப். பாஸ்புக்கை இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். ராஜினாமாவை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் மெயிலில் அனுப்புங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, திருப்பித் தரச் சொல்லி அதே மெயிலில் கேளுங்கள்.