பயணத்துக்கு ஒரு பழைய திங்க்பேட்

பயணத்தில் கொண்டுபோகும் லேப்டாப் தொலைந்தாலும் தூக்கம் போகக் கூடாது, அதுதான் என் முதல் நிபந்தனை. அதனால் புதிது பக்கமே போகாமல், 2017-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்270-ஐ செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். 12.5 அங்குலத் திரை, எடை ஏறக்குறைய 1.3 கிலோ. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் முழுசாகச் சாய்ந்தாலும் மடியில் வைத்து டைப் அடிக்க முடிகிறது.

பேட்டரிதான் இதன் சிறப்பு. உள்ளே ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டும்படி இன்னொன்று. உள்ளே இருப்பதில் சார்ஜ் இருந்தால் போதும், மெஷினை அணைக்காமலே பின்னதை மாற்றிவிடலாம். ஆறு செல் பேட்டரி 72 வாட்-அவர். விமானத்தில் 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம் (உபரி பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும்). இந்த ஆறு செல் பேட்டரி அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், பார்க்க அசிங்கம்தான். ஆனால் கீபோர்டு சற்றே சாய்வதால் மணிக்கட்டுக்குச் சுகம்.

யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும். 45 வாட் யுஎஸ்பி பவர் டெலிவரி (PD) சார்ஜர் ஒன்று இருந்தால் போனுக்கும் அதுவே போதும்.

திரை சுமார் ரகம். 1366×768 பேனலைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறமே மாறிவிடுகிறது. போட்டோ திருத்துபவர்கள் 1920×1080 ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ரகம்) திரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ரேம் ஸ்லாட்டும் ஒன்றுதான்.

அப்புறம், விண்டோஸ் 11-க்கு இதன் பிராசசர் தகுதிப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. நான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். வைஃபை, மெஷின் ஸ்லீப்பில் தூங்கி எழுவது எல்லாம் சொன்னபடி கேட்கிறது.