சுவருக்குப் பின்னால் பூஞ்சை: மருந்தடிப்பதா, மறைப்பதா, பெயர்த்தெடுப்பதா?

பேஸ்மென்ட்டில் மக்கிய வாடை விடாமல் அடிக்கிறது, சுவரிலோ ஒரு கறைகூட இல்லை. இந்த நிலையில் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புபவர்கள் உண்டு. அந்தக் காசுக்குத் தரையோரச் சட்டத்தைக் கழற்றி, அது மறைத்திருந்த இடத்தில் சின்னத் துளை போட்டு, குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கலாம். எந்த வகைப் பூஞ்சை என்று தெரிந்தாலும் செய்யப்போகும் வேலை ஒன்றுதான்.

பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் அடித்து மூடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பூஞ்சை இருப்பது சுவராக நிற்கும், இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகையின் பின்பக்கத் தாளில், பெயின்ட் விழுவதோ முன்பக்கத்தில். பிளீச்சும் ஏறக்குறைய அதே கதைதான். ஓடு, கண்ணாடி போன்றவற்றில் ஓரளவு எடுபடும். தாளிலும் மரத்திலும் அதிலுள்ள தண்ணீர் உள்ளே இறங்கி, ஈரத்தைக் கூட்டுகிறது. தவிர, செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும்; கொன்றால் போதாது, அகற்ற வேண்டும்.

ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபயரை அப்படித் தள்ளிவிட முடியாது. காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50க்குள் வைத்திருந்தால் புதிய பூஞ்சைக்கு வழி குறைகிறது. ஆனால் ஏற்கெனவே உள்ளே படர்ந்தது காய்ந்து உறங்குமே ஒழியப் போகாது. இதை வைத்தியமாக இல்லாமல் பத்தியமாகப் பார்ப்பதே சரி.

ஆக, என் ஓட்டு பெயர்த்தெடுப்பதற்குத்தான். பலகையின் பின்பக்கத்தில் கறை தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் இரு பக்கமும் நல்ல பலகை வரும்வரை வெட்டி, நனைந்த பஞ்சு இன்சுலேஷனையும் சேர்த்து வீச வேண்டும். மரச்சட்டத்தைச் சுரண்டி, நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தால் உறிஞ்சி, நன்றாகக் காயவிட வேண்டும். வெட்டும்போதுதான் வித்துகள் அதிகம் பறக்கும். என்-95 முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, வாசலை மறைக்கும் பிளாஸ்டிக் திரை எதையும் விடாதீர்கள். சூடு-குளிர் காற்றுக்குழாய்களையும் அடைத்துவிடுங்கள்.

நாமே செய்வதா, ஆள் வைப்பதா? பூஞ்சை 10 சதுர அடிக்குள் என்றால் நாமே செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. கழிவுநீர் புகுந்திருந்தாலோ வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலோ அளவைப் பார்க்காமல் தொழில்முறை ஆட்களைக் கூப்பிடுவது நல்லது.

அப்புறம், உடனே மூட அவசரப்படாதீர்கள். பலகையை எடுத்தபின் தெரியும் வெறும் கான்கிரீட் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டொரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் மண்ணிலிருந்து கசிகிறது. கூரைநீர்க் குழாயையும் வீட்டுக்கு வெளியே நிலத்தின் சரிவையும் கவனிக்க வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் உள்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இந்த இரண்டாவது வகைக்குப் பஞ்சை மறுபடி அடைப்பதைவிட, கான்கிரீட்டோடு ஒட்டிய கெட்டி ஃபோம் பலகை எவ்வளவோ தேவலை. ஃபோம் தீப்பிடிக்கும் என்பதால் அதன்மேல் ஜிப்சம் பலகை கட்டாயம். அந்தப் பலகையின் அடி தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கட்டும்.