விறகு அடுப்புக்கு எரிவாயுக் குழாய்: ஒன்டாரியோ வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டின் பேஸ்மென்டில் (நிலக்கீழ் தளத்தில்) விறகு அடுப்பு வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். "பெர்மிட் எல்லாம் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் செய்துவிட்டுப் போன வேலையை அடியோடு பிடுங்கி எறிய வேண்டி வந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்ததே பெரிய விஷயம்.

2025 மார்ச் இறுதியில் ஒரில்லியா, பீட்டர்பரோ பக்கம் பெய்த உறைமழை இங்குள்ளவர்களுக்கு மறந்திருக்காது. மரங்கள் முறிந்து, மின்கம்பிகள் அறுந்து, பல வீடுகள் ஒரு வாரத்துக்கு மேலும் இருளில் கிடந்தன. எரிவாயு வந்துகொண்டிருந்தாலும் மின்சாரம் இல்லாமல் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடாது. வயதான அம்மாவை இன்னொரு முறை அந்தக் குளிரில் வைத்திருக்கக் கூடாது என்றுதான் அடுப்பு வாங்கினோம். அம்மாவின் அறை பேஸ்மென்டில் இருப்பதால் அடுப்பையும் அங்கேயே வைக்க முடிவு செய்தோம்.

பொருத்த வந்தவர் தமிழர். நகரசபை அனுமதியைப் பற்றிக் கேட்டேன். "அதற்குப் போனால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள் அண்ணை. நாங்கள் என்ன புது அறையா கட்டுகிறோம்?" என்றார். பச்சைப் பொய். இங்கே விறகு அடுப்பும் அதன் புகைபோக்கியும் பொருத்தக் கட்டட அனுமதி வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமலிருக்க வழியே இல்லை. மொத்தம் 6,800 டாலர், அதில் பாதியை முன்பணமாக ரொக்கத்தில் வாங்கிக்கொண்டார்.

அடுப்பு மூட்டிய முதல் வாரத்திலிருந்தே புகை அறைக்குள் திரும்பியது. மேலே சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறியோ, துணி உலர்த்தும் இயந்திரமோ ஓடினால் நிலைமை இன்னும் மோசம். அழைத்துக் கேட்டபோது, "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்" என்றார். ஓர் இரவு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறி எங்களை எழுப்பியது. அம்மாவை மேலே தூக்கி வந்த அந்த நிமிடங்களை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

ஏன் அப்படி நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே ஏறி, மேல்தளத்து இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட வீடு கீழிருந்து காற்றை இழுக்கிறது. ஆகவே பேஸ்மென்டில்தான் காற்றழுத்தம் மிகக் குறைவு. அந்த ஆள் புகைக்குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, வீட்டின் வெளிப்புறமாகவே மேலே ஏற்றியிருந்தார். உறைகுளிரில் நிற்கும் குழாயில் புகை சூடிழந்து தயங்கும். வீடு இழுக்கும் வேகத்தில் வெளிக்காற்று அதே குழாய் வழியாக உள்ளே இறங்கும். நள்ளிரவுக்குப் பிறகு ஆபத்து இன்னும் அதிகம். விறகு எரிந்து தணல் மட்டும் மிஞ்சும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற புகை இருக்காது. கார்பன் மோனாக்சைடு மட்டும் தொடர்ந்து வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சூடு குறைந்துவிட்டதால் குழாயின் இழுவிசையும் அப்போது மிகப் பலவீனமாக இருக்கும். புகைபோக்கியை வீட்டின் உள்ளே, சூடான அறைகளின் ஊடாக மேலே கொண்டு போவதுதான் சரியான முறை. அதற்கு இரண்டு தளங்களையும் கூரையையும் துளைக்க வேண்டும், வேலை அதிகம். அந்த வேலையைத் தவிர்க்கத்தான் அவர் சுவரைத் துளைத்தார்.

உச்சியையும் கூரை விளிம்புக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டார். கூரையைத் தொடும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரைப் பகுதி எதையும்விட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். எங்கள் குழாய் இரண்டுக்கும் எட்டவில்லை.

உண்மையான மோசடி வெளிவந்தது காப்புறுதி நிறுவனத்தால். விறகு அடுப்பு வைத்தால் 'வெட்' (WETT, விறகு அடுப்பு வேலைக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் அமைப்பு) சான்றிதழ் பெற்ற பரிசோதகரின் அறிக்கை வேண்டும் என்றார்கள். அந்த அறிக்கையைச் சட்டம் கேட்பதில்லை, ஆனால் பெரும்பாலான காப்புறுதி நிறுவனங்கள் கேட்கும். வந்த பரிசோதகர் வெளியே குழாயின் பின்பக்கம் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திருப்பிப் பொருத்தப்பட்டிருந்த முகத்தில் தயாரிப்பாளரின் முத்திரை: 'டைப் பி', எரிவாயுச் சாதனங்களுக்கு மட்டும் உரியது. உள்ளே மெல்லிய அலுமினியத் தகடு, வெளியே இன்னொரு தகடு, இடையில் காற்று. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குழாய்க்குள் படியும் தார் போன்ற கிரியோசோட் தீப்பற்றினால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். விறகு அடுப்புக்கு உரியது யுஎல்சி எஸ்629 (ULC S629) என்ற கனடியத் தரத்தில் வரும் 650 டிகிரிப் புகைபோக்கி; 650 என்பது தொடர்ந்து தாங்கும் புகையின் வெப்பம், குழாய்த் தீயின் கூடுதல் வெப்பத்தையும் சிறிது நேரம் தாங்கும்படி சோதிக்கப்பட்டது; விலை பல மடங்கு அதிகம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி பளபளக்கும் உருளைகள். முத்திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுப்பைப் பொருத்தியவர் அதன் பின்னால் அழகாகக் கல் ஒட்டி, "இனி தீ அண்டாது" என்று சொல்லியிருந்தார். மரச்சட்டத்தில் அடித்த ட்ரைவாலின் (ஜிப்சம் பலகையின்) மேல் நேரடியாக ஒட்டிய கல் பாதுகாப்பே இல்லை. கல் சூடாகி, அந்தச் சூடு அப்படியே பின்னால் உள்ள மரத்துக்குப் போகும். தடுப்பு என்றால் சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது விலகி, கீழும் மேலும் காற்று ஓட இடம் விட்டு நிற்க வேண்டும். நாளாக நாளாகச் சூடேறிய மரம் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகிறது. எத்தனை அங்குலம் விலக்கி வைக்க வேண்டும் என்பது அடுப்பின் பின்புறத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக்கூட அவர் மதிக்கவில்லை. குழாய் இணைப்புகளில் மூன்று திருகுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

அறிக்கையைப் பொருத்தியவருக்கு அனுப்பியதும், "பரிசோதகர் காசு பறிக்க எழுதுகிறார்" என்றார். அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிட்டிருக்கிறேன். சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போகிறேன்.

இன்னும் கையெழுத்திடாதவர்கள் பெர்மிட் எண்ணைக் கையில் வாங்காமல் சுவரில் துளை போட விடாதீர்கள். குழாயின் தயாரிப்பாளர் பெயரும் தர எண்ணும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். கடைசித் தவணையைப் பரிசோதனை முடிந்த பிறகே கொடுங்கள். உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக இருந்தால், அதன் எழுத்துப் பிரதி கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்டாரியோ சட்டம் இடம் தருகிறது.

ஏற்கெனவே பொருத்தியவர்கள் இன்றே வெளியே போய்க் குழாயின் முத்திரையைத் தேடுங்கள். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தால் கைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். எஸ்629 என்று தெளிவாக இல்லையென்றால், பரிசோதகர் வந்து பார்க்கும்வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள்.